வாடைக்காலத்தில் வரும் போன் அப்டேட்: உடனே போடுவதா, பொறுப்பதா?

போன வாரம் சின்னப்பாலத்து அண்ணன் ஒருவர் கடைக்கு வந்து போனைக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். டெம்பர் கிளாஸ் ஓரத்தில் காய்ந்த மீன் செதில் ஒன்று ஒட்டியிருந்தது. சார்ஜர் குத்துகிற ஓட்டையைச் சுற்றி உப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. திரையில் புது மென்பொருள் தயாராக இருக்கிறது என்ற அறிவிப்பு. அதற்குக் கீழே இரண்டு பொத்தான்: இப்போது, பிறகு.

“தம்பி, நாலு நாளா இது கேட்டுக்கிட்டே இருக்கு. விடியக்காலம் தொழிலுக்குப் போகணும். தட்டிரவா?”

“இப்பத் தட்டாதீங்கண்ணே. போயிட்டு வந்து, தொழில் இல்லாத அன்னைக்கு எடுத்துட்டு வாங்க. நானே போட்டுத் தர்றேன்.”

அவர் போன கொஞ்ச நேரத்தில் கீழக்கரையிலிருந்து ஒரு காலேஜ் பிள்ளை கூப்பிட்டது. வாப்பா துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்த போன். வந்த அன்றைக்கே அப்டேட் போட்டுவிட்டாள். “புதுசு பிடிக்கல அண்ணா, பழையபடி மாத்தித் தர முடியுமா?” என்று கேட்டாள். முடியாதும்மா என்று சொல்ல எனக்கே சங்கடமாக இருந்தது.

பாம்பனில் போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிற எனக்கு ஒவ்வொரு வருடமும் ஐப்பசி, கார்த்திகையில் இதே கேள்விதான். காரணம் இருக்கிறது. ஐபோனுக்குப் பெரிய அப்டேட் வருடா வருடம் செப்டம்பரில் வரும். ஐஓஎஸ் 18 வந்தது 2024 செப்டம்பர் 16. நடுவில் எண்களைத் தாண்டி ஐஓஎஸ் 26 என்று பெயர் மாறி வந்தது 2025 செப்டம்பர் 15. ஆண்ட்ராய்டு 12 வந்தது 2021 அக்டோபர் 4, ஆண்ட்ராய்டு 14 வந்தது 2023-இல் அதே அக்டோபர் 4. ஆண்ட்ராய்டு 16 மட்டும் முந்திக்கொண்டு 2025 ஜூன் 10 அன்று வந்தது. மீன்பிடித் தடைக்காலம் முடிய நாலு நாள் இருந்த நேரம். ஆனால் அன்றைக்கு அது கிடைத்தது கூகுளின் பிக்சல் போன்களுக்கு. மற்றக் கம்பெனிகள் தங்கள் போனுக்கு ஏற்றபடி அதைத் திருத்தி, கட்டம் கட்டமாக அனுப்பி, நம் ஊர்க்காரர் கையில் உள்ள போனுக்கு வந்து சேரும்போது பார்த்தால் வாடை அடிக்கத் தொடங்கியிருக்கும்.

அது போனை நம்பி இருக்க வேண்டிய காலம். 2020 டிசம்பரில் புரெவி புயல் இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்குள் வந்து, நம் கரைக்குப் பக்கத்திலேயே நகராமல் நின்று வலுவிழந்தது. அந்த நாட்களில் ஒவ்வொரு வீட்டிலும் கையில் போனைப் பிடித்தபடியே இருந்தார்கள். துறைமுகத்தில் கூண்டு ஏற்றியிருக்கிற நேரத்தில் போன் ‘ஆப்ஸ் சரிசெய்யப்படுகின்றன’ என்று சுற்றிக்கொண்டிருந்தால் அதைவிட வயிற்றெரிச்சல் வேறில்லை. அதனால்தான் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இருப்பவருக்குச் சொல்கிற பதிலை அப்படியே நம் கரைக்குச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

நம் முன்னால் நாலு வழி இருக்கிறது. வந்த அன்றே போடலாம். ஒன்றிரண்டு மாதம் பொறுத்துப் போடலாம். பெரிய அப்டேட்டை விட்டுவிட்டு, ஓட்டை அடைக்கிற சின்ன அப்டேட்டான பாதுகாப்புப் பேட்ச் மட்டும் போட்டுக்கொள்ளலாம். அல்லது இந்தப் போன் போதும் என்று அடுத்த போனைப் பார்க்கலாம்.

வந்த அன்றே போடுவது

இதில் லாபமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆண்ட்ராய்டு 16-இல் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று திருட்டு அழைப்பு சம்பந்தப்பட்டது. வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று ஒருவன் கூப்பிடுவான். லைனில் வைத்துக்கொண்டே வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு, அதாவது செயலியை நிறுவுகிற கோப்பு ஒன்றை அனுப்புவான். அதை நிறுவச் சொல்லி, பிறகு ‘அணுகல்தன்மை’ அனுமதியைத் திறக்கச் சொல்வான். அந்த அனுமதியைக் கொடுத்துவிட்டால் நம் திரையை அவன் பார்க்கலாம், நமக்குப் பதில் அவனே தட்டலாம். கணக்கில் இருப்பது போய்விடும். நம் தொடர்புப் பட்டியலில் இல்லாத எண்ணோடு பேசிக்கொண்டிருக்கும்போது அந்த அனுமதியைக் கொடுக்கவிடாமல் ஆண்ட்ராய்டு 16 தடுக்கிறது. தடைக்கால நிவாரணம் கணக்கில் ஏறுகிற நேரத்தில் இப்படி அழைப்பு வந்து, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் போனோடு கடைக்கு ஓடி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இது பெரிய காவல்.

ஆனால் முதல் நாள் வருகிற சரக்கில் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். 2014 செப்டம்பரில் ஆப்பிள் விட்ட ஐஓஎஸ் 8.0.1 அப்போதைய புது ஐபோன் 6-இல் சிக்னலையே அறுத்தது; சுமார் ஒரு மணி நேரத்தில் திரும்பப் பெற்றார்கள். சாம்சங் தன் போன்களுக்கான மென்பொருள் ஒன் யூஐ 7-ஐ 2025 ஏப்ரலில் விடத் தொடங்கி, சில நாளிலேயே கோளாறு கண்டு நிறுத்திவைத்து, சரிசெய்தபின் மறுபடி விட்டது. இவ்வளவு பெரிய கம்பெனிகளுக்கே இப்படி. முதல் ஆளாகப் போடுகிறவர் போன்தான் சோதனைக்களம்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் இங்கே பெரிய விஷயம். நம்மில் பெரும்பாலோர் ஒரு நாளைக்கு 1.5 ஜிபி, 2 ஜிபி என்று பேக் போடுகிறோம். பெரிய அப்டேட் பல போனில் 3 ஜிபியைத் தாண்டும். பாதியில் டேட்டா தீர்ந்து, வேகம் 64 கேபிபிஎஸ்-க்கு இறங்கி, மறுநாள் காலைவரை வாட்ஸ்அப் போட்டோகூடத் திறக்காது. வீட்டில் ஒருவர் கடலில் இருக்கும்போது இது நடக்க வேண்டுமா?

பொறுத்துப் போடுவது

என் கட்சி இதுதான். எவ்வளவு நாள் என்று கேட்டால், உங்கள் போனுக்கு அப்டேட் வந்த நாளிலிருந்து ஆறு வாரம், இல்லாவிட்டால் அதற்கு அடுத்த சின்ன அப்டேட் வரும்வரை. பொறுத்தவர்களுக்குக் கிடைத்த பலனுக்கு ஐஓஎஸ் 26-ஐயே சொல்லலாம். ‘லிக்விட் கிளாஸ்’ என்று பொத்தான், பட்டை எல்லாவற்றையும் கண்ணாடிபோல ஊடுருவித் தெரிகிறபடி மாற்றினார்கள். பின்னால் இருக்கிற படமும் முன்னால் இருக்கிற எழுத்தும் கலந்து படிக்கச் சிரமமாக இருக்கிறது என்று உலகம் முழுக்கப் பேச்சு. நவம்பரில் வந்த 26.1-இல் அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் மங்கலாக்கிக்கொள்ளும் வசதியைச் சேர்த்தார்கள். பன்னிரண்டு மணி வெயிலில் தேவிபட்டினம் கரையில் நின்று போன் பார்க்கிறவருக்கு அந்த இரண்டு மாதப் பொறுமை எவ்வளவு உதவியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் அணுகல்தன்மை அமைப்பில் ஊடுருவும் தன்மையைக் குறைக்கலாம். பின்னோக்கிப் போகிற வழி மட்டும் கிடையாது. புதியது வந்த சில வாரத்தில் பழைய வெர்ஷனுக்கு ஒப்புதல் கொடுப்பதை ஆப்பிள் நிறுத்திவிடும். ஆண்ட்ராய்டிலும் பெரும்பாலான போனில் திரும்புவது என்றால் உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துவிட்டுத்தான், அதுவும் கம்பெனி அனுமதித்தால்தான்.

பொறுக்கச் சொல்வதற்கு எனக்கு இதைவிடப் பெரிய காரணம் எல்லை எச்சரிக்கைச் செயலிகள். நாட்டுப்படகில் போகிற பிள்ளைகள் பலர் ஜிபிஎஸ் பெட்டியோடு போனிலும் இலங்கைக் கடல் எல்லைக் கோடு காட்டுகிற செயலி வைத்திருக்கிறார்கள். அந்தச் செயலி வேலை செய்ய இரண்டு அனுமதி வேண்டும். திரை அணைந்திருக்கும்போதும் இருப்பிடத்தைப் பார்க்க ஒன்று, பேட்டரி சேமிப்புக்காகப் போன் அதைத் தூங்கவைக்காமல் இருக்க ஒன்று. ஆண்ட்ராய்டு 10-இலிருந்து இந்த இருப்பிட அனுமதியை இறுக்கிக்கொண்டே வருகிறார்கள். 10-இல் ‘பயன்படுத்தும்போது மட்டும்’ வந்தது. 11-இல் பல மாதம் திறக்காத செயலியின் அனுமதியைப் போனே பறித்துக்கொள்ளும் வழக்கம் வந்தது. 12-இல் ‘தோராயமான இருப்பிடம்’ வந்தது. ஊருக்குள் இருப்பவருக்கு எல்லாமே நல்லது. கடலில் தோராயமான இருப்பிடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, மண்டபத்துக்காரர், பெரிய அப்டேட் போட்ட மறுநாள் கடைக்கு வந்தார். கம்பெனி பெயர் வேண்டாம். செயலி திறந்திருந்தால் படம் சரியாக நகர்ந்தது. திரையை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பாலம் வரைக்கும் பைக்கில் போய்வரச் சொன்னேன். வந்து திறந்தால் புள்ளி கிளம்பின இடத்திலேயே நின்றது. பேட்டரி அமைப்பில் ‘கட்டுப்பாடு இல்லை’ என்று அவர் வைத்திருந்ததை அப்டேட் பழையபடி மாற்றிவிட்டிருந்தது. கரையில் கண்டுபிடித்ததால் தப்பித்தோம். டவர் இல்லாத இடத்தில் இது தெரியவந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே எனக்கு நெஞ்சு பதறுகிறது. அன்றிலிருந்து எந்த அப்டேட்டுக்கும் பிறகு இந்தப் பைக் சோதனை செய்யாமல் யாரையும் அனுப்புவதில்லை.

வீட்டில் இருப்பவர்களையும் யோசிக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் நம் நாட்டில் பல ஆண்ட்ராய்டு போன்களில் அழைப்பு எடுக்கிற செயலியான டயலர் ஒரே இரவில் மாறியது நினைவிருக்கும். பெரிய அப்டேட் எதுவும் போடாதவர் போனிலும் மாறியது, ஏனென்றால் அது செயலி அப்டேட்டாக வந்தது. என் அம்மா அழைப்பு வந்தால் மேலே தள்ளிப் பழகியவர். திடீரென்று பக்கவாட்டில் தள்ளச் சொன்னதும் திகைத்துப் போனார். மாமா கடலிலிருந்து கரையேறி மூன்று தடவை கூப்பிட்டும் எடுக்க முடியவில்லை. “மணி அடிக்குது, வாங்கவே மாட்டேங்குதுடா” என்று போனைத் தூக்கிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். டயலர் அமைப்பில் ஒரு தட்டில் எடுக்கிற முறையை வைத்துக் கொடுத்தேன். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், பெரிய அப்டேட் போட்ட அன்றைக்கே அவர்கள் எதிரில் உட்கார்ந்து நாலு முறை கூப்பிட்டு எடுக்கப் பழக்குங்கள்.

பேட்ச் மட்டும் போதும் என்பவர்களுக்கு

அப்டேட்டே வேண்டாம் என்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வேறு பொருளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். தோற்றம், வசதி எல்லாம் மாறுகிற பெரிய வெர்ஷன் வேறு. மாதா மாதம் ஓட்டை அடைக்கிற பாதுகாப்புப் பேட்ச் வேறு. 2015-இல் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற ஓட்டை தெரியவந்தது. ஒரு வீடியோ செய்தி அனுப்பினாலே ஆண்ட்ராய்டு போனுக்குள் புகுந்துவிடலாம் என்ற நிலைமை. அதற்குப் பிறகுதான் மாதாந்தரப் பேட்ச் என்ற வழக்கமே அந்த ஆகஸ்டில் தொடங்கியது. இதைத் தள்ளிப்போடாதீர்கள். அளவும் சின்னது, ஒரு நாள் பேக்குக்குள் அநேகமாக அடங்கிவிடும். செட்டிங்ஸில் ‘போனைப் பற்றி’ போய்ப் பாதுகாப்பு அப்டேட் என்ன தேதி என்று பாருங்கள். ஆறு மாதத்துக்கு முந்தைய தேதி என்றால் அந்தப் போனில் பணம் வைத்துப் புழங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆனால் இந்த வழியை நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ள முடியாது. பெரிய வெர்ஷன் உங்கள் போனுக்கு வந்துவிட்டால் அடுத்தடுத்த பேட்ச்சும் அதனோடு சேர்ந்தே வரும். பழையதிலேயே நிற்பவருக்குப் பெரும்பாலும் தனியாகக் கிடைக்காது. ஆகவே இது தை வரைக்கும் தள்ளிப்போட உதவுகிற வழி. வருடக்கணக்கில் தள்ளிப்போட உதவாது.

போன் மாற்றுவது

அப்டேட் போட்டால் போன் மெதுவாகிவிடும் என்று நம் ஆட்கள் சொல்வதை நான் மறுத்துப் பேசுவதில்லை. பேட்டரி தேய்ந்த பழைய ஐபோன்கள் திடீரென்று அணைந்துபோகாமல் இருக்க வேகத்தைக் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிளே ஒப்புக்கொண்டது. 3 ஜிபி ரேம் வைத்த நாலு வருடப் போனில் புது வெர்ஷன் திணறத்தான் செய்யும். பல நேரம் பேட்டரி மாற்றினாலே பாதி உயிர் வந்துவிடும், அதை முதலில் பாருங்கள். இன்னும் சிலருக்கு முடிவு எடுக்கிற வேலையே இல்லை, கம்பெனியே எடுத்துவிட்டது. ஐபோன் எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் வைத்திருப்பவர்களுக்கு ஐஓஎஸ் 26 கிடையாது.

வாங்குவதாக இருந்தால் எத்தனை வருடம் அப்டேட் தருவார்கள் என்பதை கேமராவுக்கு முன்னால் கேளுங்கள். பிக்சல் 8, கேலக்ஸி எஸ்24 வரிசைகளுக்கு ஏழு வருடம் என்று அறிவித்திருக்கிறார்கள். விலை குறைந்த போன்களில் இரண்டு, மூன்று வருடத்தோடு நின்றுபோவது உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்த பழைய போனைக் கைமாற்றாக வாங்கும்போதும் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பேட்ச் தேதியைத்தான். பழைய போனைத் தூக்கிப் போட வேண்டாம். வங்கிச் செயலி, யுபிஐ எல்லாவற்றையும் அதிலிருந்து எடுத்துவிட்டுப் படகில் பாட்டுக்கும் டார்ச்சுக்கும் வைத்துக்கொள்ளலாம். டவர் இல்லாவிட்டாலும் அதன் ஜிபிஎஸ் வேலை செய்யும்.

யாருக்கு எது

தொழிலுக்குப் போகிறவர் யாராக இருந்தாலும், பேட்ச் உடனே, பெரிய அப்டேட் தை பிறந்த பிறகு. ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரையிலான தடைக்காலம் கிடைத்தால் இன்னும் நல்லது. விசைப்படகுக்காரர்களுக்கு 61 நாள் கையில் இருக்கிறது. போன் இரண்டு நாள் முரண்டு பிடித்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. நாட்டுப்படகுக்குத் தடை இல்லை என்பதால் அவர்கள் தொழில் இல்லாத இரண்டு நாளைச் சேர்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் போதாதா என்றால் போதாது. பெரிய அப்டேட்டுக்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் போன் உள்ளுக்குள் எல்லாவற்றையும் மறுபடி அடுக்கிக்கொண்டிருக்கும். சூடாகும், சார்ஜ் வேகமாக இறங்கும். அந்தப் போனோடு கடலில் இரவு தங்கக் கூடாது.

கடல்பாசி எடுக்கப் போகிற அக்காமார்களுக்கு நான் மாதக்கணக்கில் பொறுக்கச் சொல்வதில்லை. போன் பெரும்பாலும் வீட்டில் இருக்கிறது, அதில் குழுப் பணமும் யுபிஐயும் இருக்கிறது, ஏமாற்று அழைப்பும் அவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது. புது வெர்ஷனின் காவல் சீக்கிரம் வரட்டும். அப்டேட்டுக்குப் பிறகு யுபிஐ மறுபடி பதிவு செய்யச் சொன்னால் அந்தச் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் போக வேண்டும். பேக் முடிந்திருந்தால் அது போகாது. ஆகவே ரீசார்ஜ் இருக்கிற நாளில் செய்யுங்கள். கீழக்கரை, தொண்டிப் பக்கம் படிக்கிற பிள்ளைகள் பரீட்சை இல்லாத வாரமாகப் பார்த்து எப்போது வேண்டுமானாலும் போடலாம்.

போடுகிற அன்றைக்குச் செய்ய வேண்டியதில் நான் விட்டுக்கொடுக்காத ஒன்று உண்டு. கடலுக்கடியில் மீன் கூடுகிற பார், அதாவது பாறைத் திட்டு, இருக்கிற இடங்களைப் போனில் புள்ளியாகக் குறித்து வைத்திருப்பீர்கள். ஒவ்வொன்றும் பல வருட அலைச்சல். சில அப்பா காலத்துக் கணக்கு. அதை எல்லாம் முதலில் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அப்டேட் சாதாரணமாக எதையும் அழிக்காது. ஆனால் போன் லோகோவிலேயே நின்றுபோனால் அழித்துத்தான் எழுப்ப வேண்டிவரும், அப்போது நான் மட்டுமில்லை, எந்தக் கடைக்காரரும் அந்தப் புள்ளிகளைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

மற்றதெல்லாம் சுலபம். சார்ஜ் ஓட்டையில் உப்பு இருந்தால் காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் துடையுங்கள், ஊக்கு விட்டுக் குத்த வேண்டாம். பேட்டரி பாதிக்கு மேல் இருக்கட்டும். 2016-இல் ஆண்ட்ராய்டு 7 காலத்தில் வந்த முறைப்படி, ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளைத் தொடாமல் பக்கத்து அறையில் புதியதை அடுக்கி, கடைசியில் அறை மாறுகிற போன்களில் நடுவில் கரண்ட் போனாலும் ஆபத்து குறைவு. எல்லாப் போனும் அப்படி இல்லை. முடிந்ததும் அவசர எச்சரிக்கை அமைப்பு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். 2023-இல் நாடு முழுக்கச் சோதனையாக எல்லாப் போனும் அலறியதே, அதுதான். தனுஷ்கோடிப் பக்கம் போகிறவர்கள் டேட்டா ரோமிங் அணைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், அங்கே இலங்கை டவர் பிடிக்கும். போன் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வாடைக்காலத்தில் வீட்டில் ஒரு ரேடியோ பெட்டி இருக்கட்டும். நம் பாம்பன் சமுதாய வானொலி 90.4 கடல் ஓசை கேட்க அப்டேட் எதுவும் வேண்டியதில்லை.

சின்னப்பாலத்து அண்ணன் சொன்னபடியே தொழில் இல்லாத அன்றைக்கு வந்தார். அவர் போனுக்கு வந்திருந்ததை முழுசாகப் படித்துப் பார்த்தேன். பெரிய வெர்ஷன் இல்லை, பேட்ச் மட்டும்தான். கடை வைஃபையில் போட்டுக் கொடுத்தேன். அது ஏறி முடிவதற்குள் தன் மகளின் பள்ளிக்கூட நோட்டில் முப்பத்தேழு புள்ளிகளை எழுதிக்கொண்டார். பிறகு போனைப் பையில் போட்டுக்கொண்டு குந்துகால் வரைக்கும் பைக்கில் போய்வந்தார். கடை வாசலில் இறங்கும்போதே போனைத் திறந்து நீட்டினார். புள்ளி அவரோடு வந்திருந்தது.